இரண்டு விரற்கடை

“விடுண்ணே” என்று நல்லம்மாள் குரல் கொடுத்த பிறகுதான் அந்த ஆலையில் எதுவும் நகரும்.

அவள் நிற்பது உருளைக்குப் பக்கத்தில். இஞ்சின் கொட்டகையில் பக்கிரிசாமி கையில் ஒரு கம்புடன் காத்திருப்பார். குரல் கேட்டதும் கம்பால் பெல்ட்டை நெம்பித் தள்ளுவார். சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரத்திலிருந்து பக்கத்துச் சக்கரத்துக்குப் பெல்ட் தாவும்; உருளை உறுமிக்கொண்டு சுழலத் தொடங்கும். “நிறுத்து” என்றால் பெல்ட் பழையபடி சும்மாச் சக்கரத்துக்கே திரும்பிவிடும். ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயில் ஓடும் கிழட்டு இஞ்சின் அது. ஒரு தடவை அணைத்தால் மறுபடி உயிர் பிடிக்க அரை நாள் ஆகும். அதனால் இஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, நிற்பதும் போவதும் பெல்ட் கணக்கில் நடந்தது.

ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு அது மலாயாவில் கிள்ளான் ஆற்றங்கரையில் ரப்பர் ஷீட் அடுக்கி வைத்திருந்த தகரக் கொட்டகை. இப்போது மரவள்ளி மாவு ஆலை. டெங்கிலிலிருந்து கரியில் ஓடும் லோரியிலும், கேரி தீவிலிருந்து படகிலும் கிழங்கு வந்து இறங்கும். இருபது பெண்கள் தரையில் உட்கார்ந்து தோலைச் சீவுவார்கள். கழுவிய கிழங்கை நல்லம்மாளும் சீதாலெட்சுமியும் உருளையில் கொடுப்பார்கள். கட்டை உருளை, சுற்றிலும் தகரம், தகரம் முழுக்க ஆணியால் குத்திய துளைகள். துளைகளின் பிசிறு வெளிப்பக்கம் பல் பல்லாக நீட்டிக்கொண்டிருக்கும். எந்தக் கிழங்கும் அதில் பட்ட மாத்திரத்தில் பாலாகி வழிந்துவிடும். மாவு முழுதும் பட்டாளத்துக்குப் போனது.

ஒரு நாளைக்கு நூறு தடவை ‘விடு’ சொல்லுகிற வாய். வீட்டுக்குப் போனாலும் சும்மா இருக்குமா? “நல்லம்மா தூக்கத்துலயும் விடுண்ணேன்னு கத்துறாளாம்லா” என்று தோல் சீவும் வள்ளியம்மா கேலி செய்வாள். சீவுகிறவர்களில் மூத்தவள் அவள். கையைவிட அவள் வாய் வேகம். நல்லம்மாளும் சிரித்துக்கொள்வாள். அவள் புருஷன் சின்னையாவைச் சித்திரை மாதத்தில் கிள்ளான் பாசாரில் வைத்துப் பிடித்து லோரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிவிட்டார்கள். கருவாடு வாங்கப் போன மனுஷன். சட்டைக் கையில் ஆலைப் பட்டை இல்லை, அவ்வளவுதான் குற்றம். அதற்குப் பிறகு ஒரு சேதியும் கிடையாது. சிரிக்க ஒரு காரணம் கிடைத்தால் அவள் அதை வீணாக்குவதில்லை.

அந்தப் பட்டைதான் அங்கே எல்லாருக்கும் உயிர். வெள்ளைத் துணியில் சிவப்பு முத்திரை. அதைக் கட்டியிருக்கும் ஆணைத் தெருவில் பிடிக்கமாட்டார்கள். ஆணோ பெண்ணோ, ஆலைப் பட்டியலில் பெயர் இருந்தால் வாராவாரம் அரிசி உண்டு. பட்டியலை எழுதுகிறவன் உமர் கிராணி. எழுது என்றும் அடி என்றும் சொல்கிறவர் முதலாளி பீர் முகம்மது.

முதலாளி கெட்ட மனுஷர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மத்தியானக் கஞ்சியைத் தன் கையாலேயே ஊற்றுவார். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாத் தெருவில் பெரிய துணிக்கடை வைத்திருந்தவர். துணி என்ற ஒன்றே ஊரில் இல்லாமல் போய், பெண்கள் கோணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வரும் காலத்தில் மாவு ஆலைக்காரராகிவிட்டார். கஞ்சி ஊற்றும்போது கடைப் பேச்சு வரும். “இருவத்தாறு வருசம் அளந்து கொடுத்திருக்கேன். ஒரு விரக்கடை கொறஞ்சுதுன்னு ஒரு பொம்பள என் கடைப்படி ஏறி வந்ததில்ல” என்பார். நூறு தடவை கேட்ட பேச்சுதான். கஞ்சி சூடாக இருந்ததால் பெண்கள் நூற்றோராவது தடவையும் கேட்டார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்புவரை உருளைக்கு மேலே ஒரு மூடிப்பலகை இருந்தது. நடுவில் கிழங்கு நுழையுமளவு துவாரம். கை போகாது. உள்ளே தள்ள ஒரு கட்டையும் உண்டு. ஆடி மாதத்தில் ஒரு நாள் பட்டாளத்து அதிகாரி வந்து, தினம் இருபது மூட்டை போதாது, முப்பத்தைந்து வேண்டும் என்று விரலால் காட்டிவிட்டுப் போனான். மறுநாளே பலகை கழன்றது. “துவாரத்துல ஒண்ணொண்ணா நொழைச்சுக்கிட்டிருந்தா எந்தக் காலத்துல முப்பத்தஞ்சு ஆவுறது? பாத்து பதனமா போடுங்க” என்றார் முதலாளி. கழற்றிய பலகை கஞ்சி அடுப்பில் எரிந்தது. கூடுதல் மூட்டைகளை வைக்க இடமில்லாமல் உருளைக்கும் இஞ்சின் கொட்டகைக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு அடுக்கினார்கள். அதுவரை நல்லம்மாளின் முகத்தைப் பார்த்தே பெல்ட்டைத் தள்ளிவந்த பக்கிரிசாமிக்கு அதன்பிறகு அவள் குரல் மட்டும்தான்.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை. டெங்கிலிலிருந்து வந்த கிழங்கு முற்றல். நார் சுற்றிச் சுற்றி உருளை அடிக்கொரு தரம் திணறியது. பதினோரு மணிவாக்கில் ஒரு கிழங்கு குறுக்கே விழுந்து பக்கச் சட்டத்தில் இறுகிக்கொண்டது. “நிறுத்து” என்றாள் நல்லம்மாள். நின்றது. சீதாலெட்சுமி குனிந்து நாரை வழித்துப் போட்டுவிட்டு, மாட்டிய கிழங்கை இழுக்க ஆரம்பித்தாள். இருபது வயதுப் பெண். எதையும் பாதியில் விடாத பிடிவாதம். இழுக்க இழுக்க அது இறுகியது.

“விரலு மாட்டிக்கும்டி. அண்ணே வந்து கம்பியால நெம்பட்டும்” என்றாள் நல்லம்மாள்.

“வந்துருச்சுக்கா. இன்னும் கொஞ்சந்தான்.”

“சொன்னா கேளு. விடுன்னா விடு.”

கடைசி வார்த்தையைக் கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டாள். இஞ்சின் சத்தத்தில், மூட்டைச் சுவரைத் தாண்டி, அந்த ஒரு வார்த்தை மட்டும்தான் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

உருளை இரண்டு சுற்றுகூடச் சுற்றியிருக்காது. “நிறுத்து, நிறுத்து” என்று நல்லம்மாள் கத்தினாள், நின்றது. வழிந்துகொண்டிருந்த வெள்ளைப் பால் தொட்டிவரைக்கும் சிவந்து போயிருந்தது. சீதாலெட்சுமி அழவில்லை. வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றாள். சுண்டுவிரலும் மோதிர விரலும் இருந்த இடத்தில் அவை இல்லை.

முதலாளி ஓடிவந்தார். பார்த்ததும் திரும்ப ஓடித் தன் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு மல் துணியை எடுத்து வந்தார். தான் மௌத்தானால் போர்த்துவதற்கென்று, அத்தனை பஞ்சத்திலும் விற்காமல் வைத்திருந்த கபன் துணி. அதைப் பல்லால் கடித்துக் கிழித்துத் தன் கையாலேயே கட்டினார். உமர் அந்தப் பெண்ணைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துப் பெரியாஸ்பத்திரிக்கு மிதித்துக்கொண்டு போனான். மருந்து என்பது ஊரிலேயே இல்லாத நேரம். உப்பைக் காய்ச்சிக் கழுவிக் கட்டி, அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் நல்லம்மாள் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கம்பம் எனும் குடியிருப்பில் இருந்த சீதாலெட்சுமியின் வீட்டுக்குப் போனாள். வழி முழுக்க ஒரு வார்த்தையை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். போய் நின்றதும் அது வேறு மாதிரி வந்தது.

“நாந்தாண்டி சொன்னேன். விடுன்னு சொன்னது நாந்தான்.”

சீதாலெட்சுமி பாயில் சாய்ந்திருந்தாள். காய்ச்சலில் கண் மினுங்கியது. “எங்கிட்டதானக்கா சொன்னீங்க. நீங்க சொன்னப்பவே விட்டிருந்தா எனக்கு ஒண்ணும் ஆயிருக்காது” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அக்கா, லிஸ்ட்ல எம்பேரு இருக்கா?” என்று கேட்டாள்.

கையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புருஷன் படுத்த படுக்கை. மாமியாருக்குக் கண் தெரியாது. அந்த வீட்டில் உலை கொதிப்பதே அவள் பெயரால்தான். நல்லம்மாள் “இருக்கும்டி” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

ஆலையில் உருளை ஓடவில்லை. சீவிய கிழங்கு தொட்டித் தண்ணீரில் கிடந்து ஓரம் கறுக்க ஆரம்பித்திருந்தது. பக்கிரிசாமி இஞ்சின் கொட்டகை வாசலில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேயில் இருபது வருஷம் ஷண்டிங் வேலை பார்த்தவர். ஜப்பான்காரன் வந்ததும் வேலை போய், கிள்ளானுக்கு வந்து இஞ்சின் ஓட்டக் கற்றுக்கொண்டவர்.

“ரயில்வேல ஒரு வண்டிய வாய்ச்சொல்லுக்கு நகத்தமாட்டோம், நல்லம்மா” என்றார், அவளை நிமிர்ந்து பார்க்காமல். “கொடி காட்டணும், இல்ல மணி அடிக்கணும். கத்துனா எவனும் அசையமாட்டான். இருவது வருசத்துல ஒருத்தன் கால்ல ஒரு சக்கரம் ஏறுனதில்ல. அதெல்லாம் தெரிஞ்சும் இங்க வந்து குரலுக்கு ஓட்டுனேன் பாரு.”

“நீங்க என்னா பண்ணுவீங்கண்ணே.”

“உன்ன மொதலாளி கூப்புட்டாரு. உள்ள போ.”

முதலாளியின் மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி இருந்தது. பெண்கள் யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. “உக்காரு நல்லம்மா” என்றார் பீர் முகம்மது. அவள் அதன் விளிம்பில் உட்கார்ந்தாள். உமர் ஒரு தாளையும் மைப் பெட்டியையும் அவள் பக்கம் நகர்த்தினான்.

“வியாழக்கெழம அந்தப் பட்டாளத்து அதிகாரி வரான்” என்றார் முதலாளி. “ரெண்டு நாளா மாவு ஏன் கொறைஞ்சுச்சுன்னு கேப்பான். காயிதம் கேப்பான். கிட்ட நின்னது நீ. இதுல ஒரு கைநாட்டு வச்சிட்டுப் போ.”

“என்னா எழுதியிருக்கு தம்பி? படிங்க.”

உமர் முதலாளியைப் பார்த்தான். பிறகு படித்தான். குரல் உள்ளே போயிருந்தது. “ஓட்டச் சொல்லி யாரும் குரல் கொடுக்காதபோது இஞ்சின்காரர் பக்கிரிசாமி தன் கவனக்குறைவால் உருளையை ஓட்டிவிட்டார். அவரை வேலையிலிருந்து நீக்கியாயிற்று. காயம்பட்ட பெண் இனி வேலைக்கு உதவமாட்டாள் என்பதால் பெயர் அடிக்கப்பட்டது.”

நல்லம்மாளுக்கு உடனே புரிந்துவிட்டது. பக்கிரிசாமியின் கைப்பட்டையை அவிழ்த்து வாங்கிவிடுவார்கள். ரயில்வே தெரிந்த ஆள். பாலம் தாண்டுவதற்குள் பிடித்துவிடுவார்கள். சின்னையா போன லோரிதான். அவருக்கும் ஒரு பெண்டாட்டி இருக்கிறாள். அவளும் வாசலில் நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறாள்.

“நான் கொரல் கொடுத்தேனே, மொதலாளி.”

“அந்தப் புள்ளகிட்டதான சொன்னே?”

“அவகிட்டதான் சொன்னேன். அண்ணே காதுல விழுந்துச்சு. நெதம் அவரு கேக்குற அதே வார்த்த. ஓட்டலன்னாதான் தப்பு.”

முதலாளி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “அப்ப சரி. தப்பு உன்னுதுன்னு எழுதச் சொல்லவா? அவனுக்கு ஒரு பேரு வேணும். யாரு பேருன்னாலும் அவனுக்கு ஒண்ணுதான்.”

பயமாகத்தான் இருந்தது. பட்டியலிலிருந்து பெயர் போனால் அரிசி போகும். சின்னையா என்றைக்காவது திரும்பி வந்தால் அந்த வீட்டில் விளக்கேற்ற ஆள் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் இந்த ஐந்தாறு மாதமாக அவளை நடக்க வைத்தது. மைப் பெட்டியைப் பார்த்தாள். தன் கட்டைவிரலைப் பார்த்தாள். ஐந்து விரலும் கிழங்குப் பாலில் வெளுத்து ஊறிப்போய், ஆனால் ஐந்தும் இருந்தன.

“எழுதுங்க” என்றாள். “ஆனா முழுசா எழுதச் சொல்லுங்க. பலகைய கழட்டச் சொன்னது யாருன்னு எழுதட்டும். மூட்டைய மறைச்சு அடுக்கச் சொன்னது யாருன்னு எழுதட்டும். அதுக்குக் கீழ நல்லம்மா விடுன்னு சொன்னான்னும் எழுதட்டும். நான் கைநாட்டு வைக்கிறேன்.”

உமர் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். முதலாளியின் முகம் கறுத்தது.

“முப்பத்தஞ்சு மூட்ட நானா கேட்டேன்? இல்லன்னா அவன் என்னயதான் அறைவான். ஆலைய மூடிட்டுப் போயிட்டா நீங்க இருவது பொம்பளைங்களும் எங்க போவீங்க? யோசிச்சியா?”

“யோசிச்சேன். அவன் கேட்டது மூட்டயதான், மொதலாளி. பலகைய அவன் கேக்கல.” நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டாள். உட்கார்ந்துகொண்டு அவளுக்குப் பேச வரவில்லை. “கடையில ஒரு விரக்கடை கொறைச்சுக் கொடுத்ததில்லன்னு நீங்க சொல்லச் சொல்லக் கஞ்சி குடிச்சிருக்கோம். நாங்க நம்புறோம். பொய்யா சொல்லுவீங்க? இங்க ரெண்டு விரக்கடை கொறஞ்சு போச்சு. சீதா உங்க படி ஏறி வந்து கேக்கமாட்டா. அவளுக்கு லிஸ்ட்ல தன் பேரு இருக்கா, அது ஒண்ணுதான் தெரியணும். அதான் நான் வந்து கேக்குறேன்.”

தகரப் பெட்டி திறந்தே கிடந்தது. மல் துணியில் மிச்சம் ஒரு முழம் அதன் விளிம்பில் தொங்கியது. “போ” என்றார் முதலாளி கடைசியில், அவளைப் பார்க்காமல்.

அவள் வெளியே வந்து கத்தியை எடுத்துக்கொண்டு வள்ளியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து தோல் சீவத் தொடங்கினாள். உள்ளே பேசியது தகரச் சுவரைத் தாண்டி எல்லார் காதிலும் விழுந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் முதலாளியே வெளியே வந்தார்.

“கெழங்கு கறுத்துப் போவுது. சீதாவுக்குப் பதிலா உருளைக்கு ஒரு ஆளு வேணும். யாரு வர்றீங்க? அரப்படி அரிசி கூடப் போட்டுத் தரேன்.”

எல்லாக் கத்திகளும் கிழங்கைச் சீவிக்கொண்டேயிருந்தன. அரைப்படி அரிசிக்கு அந்த நாளில் ஆட்கள் கழுத்தையே கொடுப்பார்கள். முதலாளி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருத்தியும் நிமிரவில்லை.

வள்ளியம்மாதான் வாயைத் திறந்தாள். அன்றைக்கு அதில் கேலி இல்லை. “பலக இல்லாம வேணாங்க, மொதலாளி” என்றாள், மரியாதையாக.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அன்றைக்கு அவர் திரும்பி வரவில்லை. பொழுது சாயும் வரை பெண்கள் அவர் போன பாதையைப் பார்த்துப் பார்த்துச் சீவினார்கள். “போலீஸ்காரனக் கூட்டிக்கிட்டு வருவாரோ” என்று ஒருத்தி முணுமுணுத்தாள். நல்லம்மாளுக்கும் அந்தப் பயம்தான். பக்கிரிசாமி கைப்பட்டையை அவிழ்த்து நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். கேட்டால் மரியாதையாகக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

புதன்கிழமை காலை கரி லோரி வாசலில் வந்து நின்றது. கிழங்கு ஏற்றி வரவில்லை. முதலாளி இறங்கினார்; தாடியெல்லாம் கரிப்புகை. பின்னால் ஒரு நீள மேசை கயிற்றில் கட்டிக் கிடந்தது. தேக்கு மேசை. ஓரத்தில் அடிக்கொரு பித்தளை ஆணி பதித்து, கெஜத்துக்கொரு பெரிய ஆணி. அவர் கடையில் துணி அளக்கும் மேசை. கடையே பூட்டிக் கிடந்தாலும் அதை மட்டும் அவர் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது எல்லாருக்கும் தெரியும்.

“பக்கிரி, ரம்பம் எடு” என்றார்.

பக்கிரிசாமி மேசையைத் தடவிப் பார்த்தார். “இதயா, மொதலாளி? தேக்குங்க.”

“வேற பலக இந்த ஊர்ல எங்க இருக்கு? எல்லாத்தையும்தான் எரிச்சாச்சே. அறு.”

முதல் இழுப்பில் முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மத்தியானத்துக்குள் மூடிப்பலகை உட்கார்ந்துவிட்டது. துவாரம் கிழங்களவு. பக்கிரிசாமி ஒவ்வொரு பெண்ணையும் கூப்பிட்டு அதில் கையை நுழைக்கச் சொன்னார். யார் கையும் நுழையவில்லை. ஆணிகளைப் பிடுங்க முதலாளி விடவில்லை. அவை பலகையின் ஓரத்தில் வரிசையாக மின்னின. மூட்டைகளை எல்லாரும் சேர்ந்து எதிர்ச்சுவருக்கு மாற்றினார்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகு பக்கிரிசாமியின் முகம் உருளைக்குப் பக்கத்திலிருந்து தெரிந்தது. அவர் ஓர் எண்ணெய்த் தகரத்தைக் கம்பியில் கட்டி உருளைக்கு மேல் தொங்கவிட்டு, ஒரு குச்சியை நல்லம்மாளிடம் கொடுத்தார்.

“ஒரு தட்டு, நிறுத்துவேன். ரெண்டு தட்டு, ஓட்டுவேன். வாயால யாரு என்னா சொன்னாலும் பெல்ட்டத் தொடமாட்டேன். மொதலாளி சொன்னாலும்.”

“நான் ஏன்டா சொல்லப் போறேன்” என்றார் முதலாளி.

வியாழக்கிழமை அதிகாரி வந்தான். இருபத்திநாலு மூட்டைதான் நின்றது. உமர் தாளை நீட்டினான். கூட வந்த துபாஷி படித்துச் சொன்னான். அது வேறு தாள். முந்தின நாள் சாயங்காலம் முதலாளி சொல்லச் சொல்ல உமர் எழுதியது. ‘ஆலை முதலாளி காப்புப் பலகையை எடுத்துவிட்டதால் காயம் உண்டானது. பலகை மறுபடி போடப்பட்டது.’ வேறு யார் பெயரும் அதில் இல்லை. அதிகாரி முதலாளியை இரண்டு அறை அறைந்தான். தொப்பி கீழே விழுந்தது. அவர் குனிந்து வணங்கியபடியே நின்றார். பிறகு அவன் உருளைக்குப் பக்கத்தில் வந்து பலகையைப் பூட்ஸ் காலால் தட்டிப் பார்த்தான். ஏதோ சொன்னான்.

லோரி போன பிறகுதான் உமர் சொன்னான். “பலக இருந்தா இருக்கட்டுமாம். முப்பத்தஞ்சு முப்பத்தஞ்சுதானாம். ஒரு மணி நேரம் கூட வேல செய்யச் சொல்றான்.”

முதலாளி தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டார். கன்னத்தில் ஐந்து விரலும் அச்சாகப் பதிந்திருந்தது. “கஞ்சி ஆறிப்போவுது, வாங்க” என்றார். அன்றைக்கு ஊற்றும்போது கடையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வள்ளியம்மா தானாகவே அவருக்கு ஒரு குவளை நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் சீதாலெட்சுமி வந்தாள். பட்டியலில் பெயர் இருந்தது. அரிசி மட்டும் பாதி. முழுக் கை இல்லாத ஆளுக்கு முழு அரிசி கிடையாது என்று மேலிடத்திலிருந்து எழுதிவிட்டார்களாம். முதலாளி இரண்டு தடவை எழுதிக் கேட்டும் பதில் வரவில்லை, மூன்றாவதும் எழுதச் சொல்லியிருக்கிறார் என்று உமர் சொன்னான். கிழங்கு கொடுக்கும் வேலைக்கு வேறு பெண் வந்திருந்தாள். சீதாலெட்சுமிக்குத் தகரம் தட்டும் வேலை. தட்டுகிறவள் கண் வேறு எங்கும் போகக்கூடாது என்று பக்கிரிசாமி முதலாளியிடம் கேட்டு வாங்கிய வேலை அது.

நல்லம்மாள் அவளை உருளைக்குப் பக்கத்தில் அழைத்துப் போய் நிறுத்தினாள். குச்சியைக் கொடுக்கப் போனவள் கொடுக்காமல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு விரல் இருந்த இடத்தில் தோல் ரோஸ் நிறத்தில் பளபளவென்று மூடியிருந்தது. இத்தனை நாள் வராத அழுகை அப்போது வந்தது. பிடித்த கையை விட முடியவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது; தொட்டியில் கிழங்கு காத்திருந்தது; புதுப்பெண் கூடையோடு நின்றாள்.

“எல்லாரும் பாக்குறாங்க” என்றாள் சீதாலெட்சுமி, சிரித்துக்கொண்டே. பிறகு இஞ்சின் சத்தத்துக்கு மேல் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்க, “விடுக்கா” என்றாள்.

தோல் சீவிய கத்திகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. ஒரு மாதமாக அந்தக் கொட்டகையில் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. இருபது பேரும் திரும்பி இஞ்சின் பக்கம் பார்த்தார்கள். பக்கிரிசாமி கம்பைப் பிடித்தபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் கண் தகரத்தின் மேல் இருந்தது. பெல்ட் சும்மாச் சக்கரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

நல்லம்மாள் கையை விட்டாள். சீதாலெட்சுமி குச்சியை மூன்று விரலால் பிடித்துப் பார்த்தாள். அது நழுவியது. பித்தளை ஆணிகளின் மேல் கையை ஊன்றிக் குனிந்து எடுத்து, மறுபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள்.